லெவல் புக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ.யும் முடித்தேன். இரண்டு வருடமாகக் கோவையில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் ஒரு நிறுவனத்தின் ஆபீஸில் பில்லிங் பார்க்கிறேன். என்றாவது ஒரு நாள் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக வேண்டும் என்பது ஆசை. அதற்கு பிரைமவேராவும் கட்டுமான மேலாண்மைப் படிப்பும் போதும், சர்வே என்பது சர்வேயருடைய வேலை, சைட் வேலை பெண்களுக்கு ஒத்துவராது என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். ஆனால் சைட்டிலிருந்து வரும் அளவுகளை வைத்து பில் போடும்போது அது சரியா, தவறா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல்லூரி சர்வே வகுப்பில் பத்துப் பேர் குழுவில் ஸ்டாஃப் பிடித்ததோடு சரி. டோட்டல் ஸ்டேஷன் பயிற்சி வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா? எங்கே தொடங்க வேண்டும்? பட்டா, எஃப்.எம்.பி. எல்லாம் எனக்குத் தெரிய வேண்டுமா?

— ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

வரும் அளவு சரியா, தவறா என்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. பில்லிங் மேசையில் பல வருடம் இருந்தும் இந்தச் சந்தேகமே வராதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகத்துக்கு விடை சர்வேயிலும் சைட்டிலும்தான் இருக்கிறது. பிரைமவேராவும் மேலாண்மைப் படிப்பும் பின்னால் வரட்டும்.

டோட்டல் ஸ்டேஷன் வகுப்புக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். ஆட்டோ லெவலில் தொடங்குங்கள். டோட்டல் ஸ்டேஷன் திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிடும். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு பிழை ஒளிந்திருக்கும் என்று அது சொல்லாது. லெவலில் அப்படியில்லை. ஒவ்வொரு எண்ணையும் நீங்களே ஸ்டாஃபில் படித்து, நீங்களே புத்தகத்தில் எழுதி, நீங்களே கூட்டிக் கழிக்க வேண்டும். தவறு எந்த வரியில் நுழைந்தது என்று தேடிப் பிடிக்கவும் முடியும். கட்டட வேலையில் அதிகம் தேவைப்படும் கருவியும் அதுதான். கடக்கால் தோண்டுவதிலிருந்து மொட்டை மாடியில் மழைநீர் வாட்டம் பார்ப்பது வரைக்கும் லெவல் இல்லாமல் நடக்காது.

ஒரு கணக்கைச் சேர்ந்தே போடுவோம். சைட்டில் ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது, அதன் மட்டம் 100.000 என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவலை நிறுத்தி அந்த பெஞ்ச்மார்க்கில் ஸ்டாஃப் வைத்துப் பார்த்தால் 1.485 வருகிறது. அப்படியானால் கருவியின் பார்வைக்கோடு 101.485 உயரத்தில் போகிறது. ஃபூட்டிங் குழிக்குள் ஸ்டாஃபை இறக்கிப் பார்க்கிறீர்கள், 3.210. குழியின் அடிமட்டம் 98.275. வரைபடத்தில் பிசிசியின் அடி 98.200 என்று இருந்தால் இன்னும் 75 மில்லிமீட்டர் தோண்ட வேண்டும். இதையே திருப்பிப் போட்டால், ஸ்டாஃபில் 3.285 வரும்வரை தோண்டு என்று ஆளிடம் சொல்லிவிடலாம். ஸ்லாப் சென்ட்ரிங்கின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டாஃபைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது வரும் அளவைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். 2.640 வந்தால் அந்த இடம் 104.125. கணக்கு இவ்வளவுதான். பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் போடலாம்.

ஆனால் சர்வே என்பது இந்தக் கணக்கோடு முடிவதில்லை. அளந்ததை இன்னோர் அளவால் நிரூபிப்பதுதான் சர்வே. பெஞ்ச்மார்க்கில் தொடங்கி, சைட் முழுக்கச் சுற்றி, மறுபடி அதே பெஞ்ச்மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். பின்பார்வைகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்பார்வைகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். அப்படியே பூஜ்யம் வராது. சாதாரண வேலைக்கு, கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கினால் எத்தனை மில்லிமீட்டரோ, அதற்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 400 மீட்டர் சுற்று என்றால் ஏழெட்டு மில்லிமீட்டர். சுற்றை மூடாமல் பாதியில் விட்ட லெவல் புக்கை நான் லெவல் புக்காகவே எடுத்துக்கொள்வதில்லை. அதில் உள்ள எண்கள் சரியாகவே இருக்கலாம், ஆனால் சரி என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

லெவல் புக்கை இரண்டு முறையில் எழுதலாம் என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். கருவி உயர முறையில் கணக்கு சீக்கிரம் முடியும், சைட்டில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் நடுவில் எடுக்கும் இடைப்பார்வைகளில் கூட்டல் பிழை வந்தால் அந்த முறையின் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஏற்ற இறக்க முறையில் இடைப்பார்வைக் கணக்கும் சோதனைக்குள் வந்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட லெவல் எல்லாவற்றையும், அதாவது மண்வெட்டு அளவு போன்றவற்றை, ஏற்ற இறக்க முறையில் எழுதுவது நல்லது. பில்லிங்கில் இருக்கிற உங்களுக்கு இது உடனே உதவும். நாளை உங்கள் மேசைக்கு வரும் லெவல் ஷீட்டைப் புரட்டி, சுற்று மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கருவியையும் நம்பிவிடக் கூடாது. லாரியில் குலுங்கி வந்த லெவலின் பார்வைக்கோடு கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்திருக்கும். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு பெக் அடியுங்கள். நட்டநடுவில் லெவலை நிறுத்தி இரண்டையும் பாருங்கள், 1.320, 1.540 என்று வந்தால் உண்மையான வித்தியாசம் 0.220. கருவி கோணியிருந்தாலும் நடுவில் நின்றதால் இரு பக்கமும் ஒரே அளவு பிழை ஏறி, கழிக்கும்போது மறைந்துவிடும். இப்போது லெவலை முதல் பெக்கின் அருகே கொண்டுபோய் இரண்டையும் மறுபடி பாருங்கள். அருகே 1.450 என்றால் தூரத்தில் 1.670 வர வேண்டும். 1.682 வந்தால் 60 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் பிழை. சர்வீஸுக்கு அனுப்ப வேண்டிய கருவி. கால் மணி நேர வேலை இது. வாரம் ஒருமுறை செய்யலாம். பின்பார்வைத் தூரத்தையும் முன்பார்வைத் தூரத்தையும் சமமாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

பெஞ்ச்மார்க் பற்றி ஒரு சம்பவம். திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக் கட்டட வேலையில், நடுவழியில் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சாலையோரச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் ஒரு குறி, அதுதான் சைட்டுக்கே ஒரே பெஞ்ச்மார்க். சாலையை அகலப்படுத்தியபோது அந்தச் சுவர் போய்விட்டது. அதன்பிறகு கட்டிய பிளாக்கின் தரைமட்டத்தைப் பழைய பிளாக்கின் படிக்கட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு பிளாக்குகளையும் இணைக்கும் நடைபாதைக்கு வந்தபோதுதான் ஒரு சாண் வித்தியாசம் தெரிந்தது. குழந்தைகள் சக்கர நாற்காலியிலும் போக வேண்டிய அந்த நடைபாதையில் பிறகு சரிவு போட்டு ஒப்பேற்றினார்கள். வேலை தொடங்கும் நாளிலேயே, தோண்டும் இடத்துக்கு வெளியே, கான்கிரீட் போட்டு மூன்று பெஞ்ச்மார்க் நட்டுவிடுங்கள். மூன்றையும் ஒன்றோடொன்று மாதாமாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று அசைந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது மார்க்கிங். கொத்தனார்கள் 3-4-5 கணக்கில் மூலை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறை முற்றிலும் சரியானது. அவர்கள் எடுக்கும் முக்கோணம்தான் சின்னது. 4 அடிப் பக்கத்தில் 3 மில்லிமீட்டர் தவறினால், 18 மீட்டர் நீளச் சுவரின் கடைசியில் அது 44 மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். அதே 3-4-5ஐ 9 மீட்டர், 12 மீட்டர், 15 மீட்டர் என்று எடுத்தால் அதே 3 மில்லிமீட்டர் தவறு 18 மீட்டரில் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. மேஸ்திரியிடம் முறையை மாற்றச் சொல்லாதீர்கள், முக்கோணத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். அவருக்கும் மரியாதை, வேலையும் சுத்தம்.

பிறகு குறுக்கு அளவு. 18க்கு 12 மீட்டர் கட்டடம் என்றால் மூலைவிட்டம் 21.633. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றாக வந்தால்தான் செவ்வகம். இரண்டும் 29 மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டால் மூலையில் சுமார் 5 நிமிடக் கோணம் பிசகியிருக்கிறது என்று பொருள். காலம் சென்டர்களை ஒன்றிலிருந்து அடுத்ததாக அளந்துகொண்டே போகக் கூடாது. டேப்பின் பூஜ்யத்தை முதல் கிரிட்டில் பிடித்து, ஒரே இழுப்பில் எல்லாக் காலங்களையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பேயிலும் விழும் இரண்டு மில்லிமீட்டர் கடைசிக் காலத்தில் போய்ச் சேரும். கிரிட் கோடுகளைத் தோண்டும் பகுதிக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளிக் கல் நட்டுப் பதித்துவைப்பதும் அன்றே செய்ய வேண்டிய வேலை. ஜேசிபி வந்த பிறகு உள்ளே இருக்கும் பெக் ஒன்றும் மிஞ்சாது.

இரும்பு டேப் வெயிலில் நீளும். 20 டிகிரியில் சரியாக இருக்கும்படி செய்யப்பட்ட 30 மீட்டர் டேப், 40 டிகிரியில் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இந்தக் கவலை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1802இல் லாம்டன் என்ற நில அளவையாளர் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து இந்தியப் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். 100 அடி இரும்புச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார். அதன்பிறகும் அவர் அந்த அளவை அப்படியே நம்பிவிடவில்லை. முக்கோணங்களைப் பெங்களூர் வரை கொண்டுபோய், அங்கே 1804இல் இன்னோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வித்தியாசம் சில அங்குலம்தான். இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்பதும் 1794இல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். சென்னையில் பொறியியல் கல்வியே நில அளவையிலிருந்து பிறந்தது என்பதை, சர்வே நமக்கெதற்கு என்று கேட்கும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

இந்த அடிப்படை கைக்கு வந்த பிறகு டோட்டல் ஸ்டேஷனைத் தொடுங்கள். அப்போது உங்களுக்கு வகுப்பே தேவைப்படாமல் போகலாம். சைட் சர்வேயர் ஒருவருடன் கொஞ்ச நாள் நின்றால் போதும். 5 செகண்ட் கருவி 100 மீட்டர் தூரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் பிசகலாம். கட்டட வேலைக்கு அது தாராளம். கருவியின் பிழையைவிட ஆள் செய்யும் பிழைதான் பெரிது. பிரிசம் கான்ஸ்டன்ட் ஒன்றே போதும்: கருவியில் 0 என்று இருந்து பிரிசம் மைனஸ் 30 வகையாக இருந்தால் அளக்கும் ஒவ்வொரு தூரமும் 30 மில்லிமீட்டர் தவறும், திரை ஒன்றும் சொல்லாது. ஸ்டேஷன் அமைத்து, பின்பார்வை பார்த்தவுடன் மார்க்கிங்கைத் தொடங்காதீர்கள். தெரிந்த மூன்றாவது புள்ளி ஒன்றை அளந்து, அது வர வேண்டிய இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தொடங்குங்கள். சைட்டுக்கு உள்ளூர் கோஆர்டினேட் வைக்கும்போது கிழக்கு 1000, வடக்கு 5000 என்று எட்டத்தில் இருக்கும் எண்களைக் கொடுங்கள். இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் உடனே கண்ணில் படும்.

இப்போது எங்கும் டிஜிபிஎஸ், ஆர்டிகே என்கிறார்கள். பெரிய லேஅவுட், சாலை வேலைகளுக்கு அருமையான கருவி. அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது உயரம். செயற்கைக்கோள் கருவி தருவது, பூமியை ஒரு கணித உருவமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்த உயரம். நம் பகுதியில் கடல்மட்டம் அந்த உருவத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. மெரினாவில் நின்று பார்த்தால் உயரம் மைனஸில் வரும். அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றாமல் வடிகால் லெவலுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றினாலும், அருகில் உள்ள பெஞ்ச்மார்க்கோடு லெவல் போட்டு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது தூரம். யு.டி.எம். என்ற கோஆர்டினேட் முறையில் உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகையில் 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குகிறது, அந்தக் கோடு தமிழ்நாட்டின் நடுவே போகிறது. உங்கள் கோவை 43இல், மதுரையும் சென்னையும் 44இல். மண்டலத்தின் நடுவில் இந்த முறையில் உள்ள தூரம் தரைத் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு, ஓரத்தில் சற்று அதிகம். வரைபடத்தில் உள்ள 100 மீட்டரை அப்படியே யு.டி.எம். எண்ணாகக் கொடுத்து மதுரையில் மார்க் செய்தால், தரையில் 8 சென்டிமீட்டர் குறைவாக விழும். சென்னையில் அதற்கு எதிராக 3 சென்டிமீட்டர் கூடுதலாக விழும். காலம் சென்டருக்கு இது பொறுக்க முடியாத அளவு. எல்லைக்கும் மேப்புக்கும் யு.டி.எம்., கட்டடத்துக்குத் தரைத் தூரத்தில் அமைத்த உள்ளூர் கோஆர்டினேட் என்று பிரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா, எஃப்.எம்.பி. பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தெரிய வேண்டும். கட்டடம் எவ்வளவு நேராக நின்றாலும் பக்கத்து நிலத்தில் நின்றால் என்ன பயன்? எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடத்தில் ஜி-லைன் என்ற வழிகாட்டிக் கோடுகளும் அவற்றிலிருந்து எல்லைக் கற்களுக்குச் செல்லும் ஆஃப்செட்டுகளும் இருக்கும். அந்த அளவுகளைக் கொண்டு எல்லையை மறுபடி தரையில் வரைந்துவிடலாம், வரைந்து பழகுங்கள். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும், பிறகு வந்தவற்றில் மீட்டரில் இருக்கும். ஒரு லிங்க் 0.66 அடி. 100 லிங்க் ஒரு செயின், அதாவது 66 அடி. 10 சதுர செயின் ஒரு ஏக்கர். இதனால்தான் ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று அரைகுறையாக நிற்கிறது. பத்திரம் அடியிலும் சென்ட்டிலும் பேசும், பட்டா ஹெக்டேர் ஏர்ஸில் பேசும், ஆர்க்கிடெக்ட் மில்லிமீட்டரில் பேசுவார். இவற்றை ஒரே தாளில் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

ஆனால் எல்லையை முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி அந்த அதிகாரம் அரசு நில அளவையாளர்களுக்கு. பத்திரத்துக்கும் புல வரைபடத்துக்கும் தரைக்கும் பொருந்தாமல் வந்தால், மார்க்கிங்கை நிறுத்திவிட்டு, உரிமையாளரை அரசு அளவைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். பக்கத்து நிலக்காரரையும் வைத்துக்கொண்டு கல்லைக் காட்டிவிட்டால் பிற்காலத்து வழக்கு பாதி தீர்ந்தது. பக்கவாட்டு இடைவெளி 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும். எல்லை ஓர் அரை அடி தவறினாலும் அந்த இடைவெளி குறைந்து, முடிக்கும்போது நிறைவுச் சான்று சிக்கலாகும். காலம் எழும்பிய பிறகு எல்லையைத் திருத்த வழியில்லை.

சைட் இன்ஜினியர் வேலையில் சர்வே ஒரு பங்குதான். மீதியை நின்றுதான் கற்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படியுங்கள். இரண்டிலும் கிரிட் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சைட்டில் மாட்டியிருக்கும் பிரதி எந்தத் திருத்தம் என்பதைத் தினமும் பாருங்கள், பழையதைக் கிழித்து எறியுங்கள். ஐ.எஸ். 456ஐ வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும் பகுதியைத் தேவைப்படும் அன்று படியுங்கள். காலம், பீம் குறுக்களவில் 12 மில்லிமீட்டர் கூடலாம், 6 குறையலாம் என்பது அதில் இருக்கிறது. கான்கிரீட்டின் அளவுக்கு எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. கம்பியின் எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் கணக்கு பில்லிங்கிலேயே உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். ஆனால் அந்தக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்கு ஆபீஸ் உதவாது. கான்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை அந்த ஸ்லாபில் நடந்துபாருங்கள். சென்ட்ரிங் ஆட்கள், கம்பி கட்டுகிறவர்கள், எலக்ட்ரீஷியன், பிளம்பர் நான்கு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் கலைப்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். ஷெட்யூல் ஏன் தவறுகிறது என்பதை எந்த மென்பொருளைவிடவும் அந்த ஒரு மாலை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இதெல்லாம் மேனேஜர் வேலைக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்கலாம். ஒரு ஏக்கர் சைட்டில் தொடக்க லெவல் 5 சென்டிமீட்டர் தவறாக எடுக்கப்பட்டால் மண் அளவில் 200 கன மீட்டர் வித்தியாசம். அத்தனை மண்ணுக்கும் வெட்டுக் கூலி, டிப்பர் வாடகை எல்லாம் யாரோ ஒருவர் தலையில் விழும். முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்னால் உரிமையாளர் தரப்பும் கான்ட்ராக்டர் தரப்பும் சேர்ந்து நின்று லெவல் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் சண்டையே இல்லை. அப்படி எடுக்காத சைட்டில் பிறகு எவ்வளவு பெரிய மேனேஜர் உட்கார்ந்தாலும் பேச்சுவார்த்தைதான் நடத்த முடியும். தினக்குறிப்பும் அப்படியே. எத்தனை ஆள் வந்தார்கள், எந்த மெஷின் நின்றது, மழை எத்தனை மணிக்கு, எந்த வரைபடம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அன்றன்றே எழுதியவருக்குத்தான் காலநீட்டிப்பு கேட்கும்போது வாய் திறக்க முடியும். அரசு வேலைகளில் தடைகளைப் பதிவதற்கென்றே ஒரு ரிஜிஸ்டர் உண்டு. தனியார் வேலையிலும் அதை நீங்களே ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு சைட் ஒத்துவராது என்ற பேச்சைப் பற்றி நேராகவே சொல்கிறேன். காலங்காலமாக நம் கட்டடங்களுக்குச் செங்கல்லும் கலவையும் சுமந்து ஏற்றியவர்கள் சித்தாள் பெண்கள். வெயில் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், லெவல் புக் பிடிக்கும் பெண்ணுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது என்பது நியாயமான வாதமே இல்லை. ஒத்துவராதது சைட்டில் பல இடங்களில் கழிப்பறை இல்லாதது, இரவு கான்கிரீட் முடிந்து வீடு திரும்ப வண்டி இல்லாதது. இவை நிர்வாகம் செய்துதர வேண்டியவை. சைட்டுக்கு மாற்றம் கேட்கும்போது இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், தயங்க வேண்டாம். உங்களுக்காகக் கேட்பது அந்தச் சித்தாள் அக்காக்களுக்கும் கிடைக்கும்.

படிப்பு விஷயம். சர்வே பாடம் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தியதே என்பிடெல்லில் இலவசமாக இருக்கிறது. கல்லூரியில் படித்த சர்வே புத்தகத்தை விற்றிருந்தால் மறுபடி வாங்குங்கள். இப்போது படிக்கும்போது அதே வரிகள் வேறு மாதிரி புரியும். முழுநேர சர்வேயர் ஆக விரும்பும் தம்பி தங்கைகள் யாராவது உங்களிடம் கேட்டால், ஐடிஐயில் சர்வேயர் பிரிவு இரண்டு வருடம் என்று சொல்லுங்கள். பலருக்கு அது தெரிவதில்லை. பிரைமவேராவை எப்போது வேண்டுமானாலும் கற்கலாம். கட்டுமான மேலாண்மைப் பட்டத்துக்கு, குறைந்தது ஒரு கட்டடத்தைக் கடக்காலிலிருந்து மொட்டை மாடி வரை கூட இருந்து பார்த்த பிறகு போங்கள். அந்த வகுப்பில் ஒரு வேலைக்கு ஏழு நாள் என்று எழுதும்போது, அந்த ஏழு நாளில் சைட்டில் என்ன நடக்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தின் சைட் ஒன்றில், வாரத்தில் ஒரு காலைப் பொழுது சர்வேயருக்கு ஸ்டாஃப் பிடிக்க அனுமதி கேளுங்கள். முதல் வாரம் ஸ்டாஃப் மட்டும் பிடியுங்கள். நேராகப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால்தான் பிறகு பிடிப்பவரிடம் கோபப்பட மாட்டீர்கள். அடுத்து லெவல் புக்கை நீங்கள் எழுதுங்கள், அவர் பார்க்கட்டும். அதன்பிறகு நீங்கள் பாருங்கள், அவர் எழுதட்டும். பெஞ்ச்மார்க்கிலிருந்து பெஞ்ச்மார்க் வரை நீங்களாகவே ஒரு சுற்று முடித்த அன்று, எத்தனை மில்லிமீட்டரில் மூடியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மூடாவிட்டாலும் எழுதுங்கள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தவறு எந்த வரியில் என்று சேர்ந்து தேடுவோம்.